காட்டேரியைப் பார்க்கப் போன இடத்தில்

பிடித்த எழுத்தாளர்கள் யார் என்று யாராவது கேட்டால் அசோகமித்திரன், அம்பை, கி.ரா. என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, "அப்புறம் ஸ்டெஃபனி மேயர்" என்று முடிப்பேன். அதுவரை தலையாட்டிக்கொண்டிருந்தவர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டுமே! அசோகமித்திரனைக்கூட இவள் நிஜமாகப் படித்தாளா என்று சந்தேகம் வந்துவிடும். இலக்கியக் கூட்டங்களில் அடிக்கடி சந்திக்கும் நண்பர் ஒருவர், "ட்வைலைட்டா? மேடம், நீங்களுமா?" என்றார். எனக்கு ஏதோ தொற்றுநோய் வந்துவிட்ட மாதிரி இருந்தது அவர் குரல்.

தொற்றுநோய் வந்துதான் படித்தேன் என்பது உண்மை.

முப்பது வயதுக்கு மேல் எனக்கு அம்மை போட்டது. சின்ன வயதில் வராமல் தப்பித்தவர்களைப் பிறகு வந்து படுத்தி எடுத்துவிடும் என்பார்கள், எடுத்தது. ஆபீசுக்கு லீவு. வாசலில் வேப்பிலை, படுக்கையில் வேப்பிலை, அரித்தால் தடவிக்கொள்ளவும் வேப்பிலை. வீட்டில் தாளிக்கக்கூடாது, யாரும் வரக்கூடாது, இளநீரும் மோரும்தான். டிவி பார்த்தால் கண் போய்விடும் என்று அம்மா கேபிள் ஒயரையே பிடுங்கிவிட்டாள். படிப்பதும் கண்ணுக்குக் கெடுதல்தான், ஆனால் புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் ஒளிக்கலாம். ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்த அக்கா மகள் ஒரு தடிப் புத்தகத்தைக் கொடுத்தனுப்பிவிட்டு ஃபோனில் நிபந்தனை போட்டாள்: "சித்தி, சிரிக்காம படிக்கணும். சிரிச்சா உடனே திருப்பிக் குடுத்துடணும்." கறுப்பு அட்டை. நீட்டிய இரண்டு வெளிறிய கைகள். கைகளில் சிவப்பாக ஒரு ஆப்பிள்.

சிரித்தேன். நிறைய இடங்களில் சிரித்தேன். முகமெல்லாம் கொப்புளமாகக் கிடந்துகொண்டு, சலவைக்கல் மாதிரிச் சருமம் உள்ள ஒருவனைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்தால் யாருக்கும் சிரிப்பு வரும். ஆனால் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதற்குள் முதல் பாகத்தை முடித்து இரண்டாம் பாகம் எங்கே என்று கேட்டுவிட்டேன்.

கதை தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. பெல்லா ஸ்வான், வயது 17. பெற்றோர் பிரிந்தவர்கள். அம்மா மறுமணம் செய்துகொண்டதால், வெயில் கொளுத்தும் ஃபீனிக்ஸ் நகரத்திலிருந்து ஓயாமல் மழை பெய்யும் ஃபோர்க்ஸ் என்ற சின்ன ஊருக்கு, அங்கே போலீஸ் அதிகாரியாக இருக்கும் அப்பா சார்லியோடு இருக்க வருகிறாள். பள்ளியில் உயிரியல் வகுப்பில் பக்கத்து இருக்கை எட்வர்ட் கல்லன். அவன் ஒரு காட்டேரி. 1918இல் ஸ்பானிஷ் ஃப்ளூவில் சாகக் கிடந்தவனை டாக்டர் கார்லைல் காட்டேரியாக்கிக் காப்பாற்றியதால் என்றைக்கும் 17 வயது. அந்தக் குடும்பம் மனித ரத்தத்தைத் தொடாமல் மிருக ரத்தத்தோடு நிறுத்திக்கொள்ளும் குடும்பம்; தங்களைச் சைவம் என்று கேலியாகச் சொல்லிக்கொள்கிறார்கள். வெயிலில் இவர்கள் சாம்பலாக மாட்டார்கள், ஜிகினா தூவின மாதிரி மினுமினுப்பார்கள். டிராகுலா ரசிகர்கள் இன்றுவரை மன்னிக்காத விஷயம் இந்த ஜிகினாதான்.

மேயர் அப்போது அரிசோனாவில் மூன்று பையன்களை வளர்த்துக்கொண்டு வீட்டோடு இருந்த அம்மா. மார்மன் சபையைச் சேர்ந்தவர். 2003 ஜூன் 2ஆம் தேதி ஒரு கனவோடு விழித்தார்: ஒரு புல்வெளி, ஒரு சாதாரணப் பெண், வெயிலில் மின்னும் ஒரு காட்டேரி. இருவருக்கும் காதல், ஆனால் அவள் ரத்தத்தின் வாசனை அவனுக்குத் தாங்க முடியவில்லை. பிள்ளைகளின் நீச்சல் வகுப்புக்கும் சமையலுக்கும் நடுவில் அந்தக் கனவை மறப்பதற்குள் எழுதி வைத்தார். அதுதான் புத்தகத்தின் 13ஆம் அத்தியாயம். மூன்றே மாதத்தில் முழு நாவலும் முடிந்தது. 15 இடங்களுக்குக் கடிதம் போட்டதில் 9 மறுப்பு, 5 பேர் பதிலே போடவில்லை, ஒரே ஒரு ஏஜென்சி மட்டும் அனுப்பச் சொன்னது. பிறகு லிட்டில் பிரவுன் பதிப்பகம் மூன்று புத்தகங்களுக்கு 7,50,000 டாலர் தந்தது. 2005 அக்டோபரில் முதல் பாகம் வந்தது.

பையன்கள் தூங்கிய பிறகு யாருக்கும் காட்டும் எண்ணமில்லாமல் எழுதிய புத்தகம் என்பது அதன் வரிகளிலேயே தெரியும். வெட்கமே இல்லாத எழுத்து. எட்வர்ட் அழகன் என்பதை ஒருமுறை சொன்னால் போதாது என்று நினைத்து அத்தியாயத்துக்கு அத்தியாயம் சொல்லி மாய்கிறார். கறாரான எடிட்டர் கையில் கிடைத்திருந்தால் கால்வாசிப் புத்தகம் காணாமல் போயிருக்கும். கூடவே அதன் உயிரும் போயிருக்கும் என்பது என் கட்சி. ஒருவனை முதன்முதலாகப் பிடித்துப்போகும்போது பதினேழு வயதில் மனசு அப்படித்தானே சொன்னதையே சொல்லும்?

இன்னொன்று, அந்த நிதானம். முதல் பாகத்தில் வில்லன் என்று ஒருவன் வருவதே புத்தகம் முடியப்போகும் நேரத்தில்தான். அதுவரை என்ன நடக்கிறது? மழை பெய்கிறது. பள்ளிக்கூடம். கேன்டீனில் யார் எந்த மேஜையில் உட்கார்ந்தார்கள். முதல் நாள் முறைத்துவிட்டுப் போனவன் அடுத்த நாள் வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை, இன்றைக்காவது வருவானா? சஸ்பென்ஸ் இவ்வளவுதான். காய்ச்சலில் கிடந்தவளுக்கு அது போதுமாக இருந்தது.

மேயர், அமெரிக்காவில் அதிகமாக மழை பெய்யும் இடம் எது என்று இணையத்தில் தேடித்தான் ஃபோர்க்ஸைக் கண்டுபிடித்தார். வாஷிங்டன் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், ஒலிம்பிக் தீபகற்பத்தில், மரம் வெட்டிப் பிழைத்த ஊர். கதை எழுதும்போது அவர் அங்கே போனதே கிடையாது. மழை வந்தாலே ஆடப் போய்விடும் கதாநாயகிகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு, மழையைக் கண்டாலே முகத்தைச் சுளிக்கும் கதாநாயகி புதிது. இப்போது அந்த ஊரில் வருஷா வருஷம் செப்டம்பரில் பெல்லாவின் பிறந்தநாளை ஒட்டித் திருவிழாவே நடக்கிறது. சுற்றுலாத் தகவல் மையத்தின் வாசலில் பெல்லா ஓட்டியது போன்ற சிவப்பு செவ்ரலே டிரக் நிற்கிறது. ஊர் ஆஸ்பத்திரியில் டாக்டர் கல்லனுக்கு என்று பார்க்கிங் ஒதுக்கி போர்டு வைத்தார்கள். படம் மட்டும் அங்கே எடுக்கப்படவில்லை. முதல் படத்தின் பெரும்பகுதி ஒரிகன் மாநிலத்தில் எடுத்தது.

நான் எந்த இடத்தில் ரசிகையானேன் என்று யோசித்தால், அது புல்வெளிக் காட்சி இல்லை. சார்லியின் சமையலறை.

பெல்லா அப்பா வீட்டுக்கு வந்த அன்றே அந்தச் சமையலறையைப் பார்க்கிறாள். அலமாரிக் கதவுகள் பளிச்சென்று மஞ்சள். வெயிலே எட்டிப் பார்க்காத ஊரில் வீட்டுக்குள் கொஞ்சம் வெளிச்சம் வரட்டும் என்று அவள் அம்மா 18 வருஷத்துக்கு முன்னால் அடித்த பெயின்ட். அதற்குப் பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா போய்விட்டாள். சார்லி பெயின்டை மாற்றவில்லை. பக்கத்து அறையில் கல்யாண ஃபோட்டோகூட அப்படியே இருக்கிறது. இந்த மனுஷன் இன்னும் மீளவில்லை என்பது அவளுக்குப் புரிகிறது, கொஞ்சம் சங்கடமாகவும் இருக்கிறது. மேயர் அதற்கு மேல் இழுக்கவில்லை, நகர்ந்துவிடுகிறார். எட்வர்டின் கன்ன எலும்புக்கு அத்தனை வரி செலவழித்தவர் இதற்குச் சில வரிகளோடு நிறுத்திக்கொண்டதை நான் இன்னும் வியக்கிறேன்.

சார்லிக்கு முட்டையும் பன்றி இறைச்சியும் பொரிக்கத் தெரியும், வேறு சமையல் தெரியாது. மகள் வந்த உடனே சமையலைக் கையில் எடுத்துக்கொள்கிறாள். சாப்பாட்டுச் செலவுக்கென்று எழுதி ஒட்டிய ஜாடியில் பணம் இருக்கிறது. எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறாள். இருவரும் பேசிக்கொள்வது மிகக் கொஞ்சம். அப்புறம் அந்த டயர் சங்கிலி. ராத்திரி மழை உறைந்து தரையெல்லாம் கண்ணாடியாகிவிட்ட ஒரு காலையில் பெல்லா டிரக்கை ஓட்டிக்கொண்டு பள்ளிக்கு வருகிறாள். வழுக்கி விழவே பிறந்த பெண். அன்றைக்கு வண்டி மட்டும் ஏனோ வழுக்கவில்லை. இறங்கிப் பார்க்கிறாள். டயர்களைச் சுற்றிப் பனிக்குப் போடும் சங்கிலி. அவள் எழுவதற்கு முன்பே, அந்தக் குளிரில், சார்லி எத்தனை மணிக்கு எழுந்து குந்தி உட்கார்ந்து மாட்டினாரோ தெரியாது. சொல்லிக்கொள்ளவும் இல்லை, வேலைக்குப் போய்விட்டார். பெல்லாவுக்குத் தொண்டை அடைக்கிறது. அடுத்த நிமிஷம் ஒரு வேன் சறுக்கிக்கொண்டு வந்து அவளை நசுக்கப் பார்க்க, எட்வர்ட் வெறுங்கையால் தடுத்து நிறுத்துகிறான். உலகம் முழுக்க அந்தக் கையைத்தான் பேசிக்கொண்டிருக்கிறது. நான் சங்கிலியில் மாட்டிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான்கு பாகங்களையும் சார்லி எங்கே வருவார் என்று பார்த்துத்தான் படித்தேன். முதல் படத்தில் பில்லி பர்க் அவரை அழகாகச் செய்திருப்பார். எட்வர்டை அறிமுகப்படுத்தப் போகிறேன் என்று பெல்லா சொல்லும்போது, மனுஷன் சமையலறையில் உட்கார்ந்து துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருப்பார். டக்கென்று அதை மூடிவிட்டுப் பையனை உள்ளே கூப்பிடச் சொல்வார். 2020இல் எட்வர்டின் பார்வையில் முதல் பாகத்தையே திரும்பச் சொல்லும் 'மிட்நைட் சன்' வந்தது. எட்வர்டுக்கு எல்லோர் மனசும் கேட்கும், பெல்லாவினுடையது மட்டும் கேட்காது என்பது நமக்குத் தெரிந்ததுதான். இந்தப் புத்தகத்தில் தெரிய வருவது, சார்லி மனசும் அவனுக்குச் சரியாகக் கேட்பதில்லை, ஏதோ மங்கலாகத்தான் பிடிபடுகிறது என்பது. வாயைத் திறந்து பேசாத அப்பாவின் மனசு, மனசைப் படிக்கத் தெரிந்தவனுக்கும் பிடிபடாது! தலையணை கனத்துக்கு இருந்த அந்தப் புத்தகம் முழுக்க எட்வர்ட் தன்னையே நொந்துகொண்டிருந்ததை இந்த ஒன்றுக்காகப் பொறுத்துக்கொண்டேன்.

சார்லி மேல் எனக்குக் கோபம் வந்த இடமும் உண்டு. மூன்றாம் பாகத்தில், பெல்லாவைக் காதலிக்கும், ஓநாயாக மாறக்கூடிய ஜேக்கப், அவளை அவள் விருப்பமில்லாமல் பிடித்து முத்தமிடுகிறான். அவள் ஓங்கி ஒரு குத்து விட, ஓநாய்ப் பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை, அவள் கைதான் முறிகிறது. வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னால், சார்லி ஜேக்கப்பை மெச்சுகிறார்! ஒரு போலீஸ்காரர், அதுவும் பெண்ணைப் பெற்றவர். புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அந்தப் பக்கங்களை மேயர் வேடிக்கை என்று நினைத்து எழுதியிருக்கிறார்.

குறைகளைப் பட்டியல் போடுங்கள் என்றால் நம்மைப் போன்ற ரசிகர்கள் போடுவது எதிரிகள் போடுவதைவிட நீளம். நூறு வயது தாண்டியவன் ப்ளஸ் ஒன் பெண் பின்னால் சுற்றுகிறான். அவளுக்குத் தெரியாமல் ராத்திரி அவள் அறைக்குள் வந்து அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஜேக்கப்பைப் பார்க்கப் போகிறாள் என்று அவள் டிரக்கின் எஞ்சினைக் கழற்றிப் போடுகிறான். அவன் விட்டுப் போனதும் அவள் பள்ளத்தாக்கில் விழுந்தவளைப் போலக் கிடக்கிறாள். 18 வயதில் கல்யாணம், உடனே கர்ப்பம். கடைசியில் ஜேக்கப், பிறந்த குழந்தையைப் பார்த்ததும் இவள்தான் தனக்கு விதிக்கப்பட்டவள் என்று உருகி நிற்கிறான். அந்தக் காட்சியைத் தமிழில் விளக்கிச் சொல்ல முயன்று அம்மாவிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். இதில் எதற்கும் நான் வக்கீலாக வரப்போவதில்லை. அக்கா மகளிடமும் அப்போதே சொன்னேன்: "வண்டி எஞ்சினைக் கழட்டறவன் வந்தான்னா, சித்திக்கு ஃபோன் பண்ணு." "ஐயோ சித்தி, அது கதை" என்றாள். அவளுக்குத் தெரிந்திருந்தது. பெரியவர்கள்தான் அவளுக்குத் தெரியாது என்று பயந்துகொண்டிருந்தார்கள்.

அந்தப் பயம் அமெரிக்காவில் பெரிய அளவில் இருந்தது. நூலகங்களிலிருந்து எடுக்கச் சொல்லி அதிகம் புகார் வந்த பத்துப் புத்தகங்கள் என்று அமெரிக்க நூலகச் சங்கம் வெளியிடும் பட்டியலில் 2009இலும் 2010இலும் ட்வைலைட் இருந்தது. ஸ்டீபன் கிங் 2009இல், மேயருக்கு எழுதவே வராது என்று பேட்டியில் வெளிப்படையாகச் சொன்னார். அதே வருஷம் சான் டியாகோ காமிக்-கானில், ட்வைலைட் வந்து எங்கள் விழாவையே கெடுத்துவிட்டது என்று அட்டை பிடித்துக்கொண்டு நின்றார்கள். சூப்பர்மேன் உடையில் வருகிறவர்கள் கூடும் இடத்தில், எட்வர்ட் படம் போட்ட பனியன் அணிந்த பெண்கள்தான் உறுத்தினார்கள்! கடைசிப் படத்துக்கு, மோசமான படங்களுக்கென்றே தரும் ராஸி விருதுகள் ஏழு. அதே காலத்தில் கார் ரோபோவாக மாறிச் சண்டை போடும் படங்களையும் விமர்சகர்கள் கிழித்தார்கள். ஆனால் அதைப் பார்த்த பையன்களின் எதிர்காலம் என்னவாகுமோ என்று யாரும் கட்டுரை எழுதியதாக நினைவில்லை.

எங்கள் வீட்டில் இதைப் புரியவைக்க ரமணிசந்திரன் போதும். அம்மாவும் பெரியம்மாவும் லெண்டிங் லைப்ரரியிலிருந்து எடுத்து வந்து, முனை மடங்கிய அந்த நாவல்களை மாற்றி மாற்றிப் படிப்பார்கள். பணக்காரன், கோபக்காரன், கதாநாயகியைத் தப்பாகப் புரிந்துகொண்டவன், கடைசியில் உருகிவிடுவான். பெரியப்பா வெற்றிலை போட்டுக்கொண்டே, "எல்லாம் ஒரே கதைதானே, அட்டையை மாத்தி மாத்தி விக்கறான்" என்பார். அவர் பார்த்த சினிமாக்களிலும் ஒரே ஆள் பத்துப் பேரைத்தான் அடித்துக்கொண்டிருந்தார். பெரியம்மா பதில் சொன்னதே இல்லை. விளக்கை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திருப்புவாள். எட்வர்டைப் பெரியம்மாவுக்கு நிச்சயம் பிடித்திருக்கும். ஜிகினாவைத்தான் ஒத்துக்கொண்டிருக்க மாட்டாள்.

இரண்டாம் பாகம் 'நியூ மூன்' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எட்வர்ட் விட்டுப் போன பிறகு மேயர் ஒரு வேலை செய்திருக்கிறார். அக்டோபர் என்று ஒரு பக்கம். அடுத்த பக்கம் நவம்பர். அடுத்தது டிசம்பர், ஜனவரி. மாதப் பெயர் மட்டும்தான், வேறு ஒரு எழுத்து கிடையாது. எழுதத் தெரியாதவர் என்று பெயர் வாங்கியவர், துக்கத்தை எழுதாமலே விட்டுவிட்டுப் போன இடம் இது. படத்தில் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெல்லாவைக் கேமரா சுற்றிச் சுற்றி வர, வெளியே இலை உதிர்ந்து பனி விழும். காதல் தோல்வி என்று சொல்லிச் சிரிக்கலாம். யாரையாவது பறிகொடுத்துவிட்டு மூன்று நான்கு மாதம் என்ன சாப்பிட்டோம், யாரோடு பேசினோம் என்றே நினைவில்லாமல் இருந்தவர்களுக்கு அந்த வெற்றுப் பக்கங்கள் தெரியும்.

படங்களில் எனக்கு முதல் படம்தான். 2008இல் கேத்தரின் ஹார்ட்விக் எடுத்தது. சுமார் 3.7 கோடி டாலரில் எடுத்து 40 கோடிக்கு ஓடியது. ஆனால் அவருக்கு அடுத்த படம் இல்லை. மிச்சம் நான்கையும் ஆண்கள்தான் இயக்கினார்கள், பணமும் கூடியது. முதல் படத்தில் இருந்த ஈரம் மட்டும் போய்விட்டது. அந்த முதல் படத்தில் எல்லாவற்றுக்கும் மேல் நீலமும் பச்சையுமாக ஒரு சாயம், பாசி பிடித்த கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல. உயிரியல் வகுப்பில் பெல்லா உள்ளே வரும் ஷாட்டை நிறுத்திப் பாருங்கள். மின்விசிறிக் காற்று அவள் தலைமுடியைக் கலைக்க, எட்வர்டின் மூக்குக்கு வாசனை போய், மனுஷனுக்குக் குமட்டுகிற மாதிரி ஒரு முகம். அவனுக்குப் பின்னால் மேஜையில் பஞ்சடைத்த வெள்ளை ஆந்தை ஒன்று இறக்கையை விரித்து நிற்கிறது. சரியாக அவன் தோளிலிருந்து இறக்கை முளைத்த மாதிரி தேவதையாகத் தெரிவான், வாந்தி வரும் தேவதை. இயக்குநர் தெரிந்தேதான் செய்திருக்கிறார். எங்கள் வீட்டில் இந்த ஒரு ஷாட்டுக்காகவே ரிவைண்ட் பட்டன் தேய்ந்தது.

பேஸ்பால் காட்சி இன்னொன்று. காட்டேரிகள் மட்டையால் அடித்தால் இடி மாதிரிச் சத்தம் வரும், அதனால் நிஜ இடி இடிக்கும் நாளில்தான் அவர்களால் விளையாட முடியும். எவ்வளவு அபத்தம், எவ்வளவு அழகான யோசனை! மலையடிவாரத்தில் குடும்பமே தொப்பி போட்டுக்கொண்டு விளையாட, ம்யூஸ் குழுவின் பாட்டு அதிர, எட்வர்டின் தங்கை ஆலிஸ் காலை நேராக வானத்துக்குத் தூக்கிப் பந்து வீசுவாள். அந்தச் சில நிமிஷம் படத்தில் யாரும் சோகமாக இல்லை. அத்தனை பாகங்களிலும் காட்டேரியாக இருப்பதில் ஒரு ஜாலி இருக்கிறது என்று எனக்குத் தோன்றிய ஒரே இடம்.

நடித்தவர்களை அப்போது மரக்கட்டை என்றார்கள். கிறிஸ்டன் ஸ்டூவர்ட் 2015இல் பிரான்சின் செசார் விருதை வாங்கினார். அதை வாங்கிய முதல் அமெரிக்க நடிகை அவர். பிறகு 'ஸ்பென்சர்' படத்துக்கு ஆஸ்கர் பரிந்துரை. ராபர்ட் பாட்டின்சன் 'தி லைட்ஹவுஸ்' முதல் பேட்மேன் வரை போய்விட்டார். அந்தக் காலத்துப் பேட்டிகளில் எட்வர்டைக் கிண்டலடித்ததில் எந்த எதிரியும் பாட்டின்சனை மிஞ்ச முடியாது.

சிரிக்க முடியாத விஷயம் ஒன்று இருக்கிறது. ஓநாயாக மாறும் ஜேக்கப்பின் கூட்டத்துக்கு மேயர் நிஜமான ஒரு பழங்குடியின் பெயரைக் கொடுத்துவிட்டார். க்விலியூட் மக்கள் ஃபோர்க்ஸுக்குப் பக்கத்தில் லா புஷ் கடற்கரையில் இன்றும் வாழ்கிறார்கள். அவர்களுடைய தோற்றக் கதையில் ஓநாய் வருவது நிஜம். காட்டேரியோடு பகை, குழந்தையைப் பார்த்ததும் வரும் காதல் இதெல்லாம் மேயர் சேர்த்தது. அவர்கள் பெயரைப் போட்டு நகை, பனியன், பொம்மை என்று விற்றார்கள். பணம் அவர்களுக்குப் போகவில்லை. சியாட்டிலின் பர்க் அருங்காட்சியகம் அந்த மக்களோடு சேர்ந்து, கதைக்கும் உண்மைக்கும் உள்ள தூரத்தை விளக்கி ஒரு இணையப் பக்கமே நடத்துகிறது. லா புஷ் கிராமம் கடலை ஒட்டிய தாழ்வான நிலம், சுனாமி வந்தால் பள்ளிக்கூடத்திலிருந்து குழந்தைகள் ஓடித் தப்ப வழியில்லை. மேட்டு நிலத்துக்கு இடம்பெயர அவர்களே திட்டம் போட்டு நிதி திரட்டினார்கள். 2012இல் ஒலிம்பிக் தேசியப் பூங்காவிலிருந்து நிலம் கிடைத்தது. 2022இல் மேட்டில் புதிய பள்ளி திறந்தது. இந்தத் தொடரால் வசூலான கோடிகளில் ஒரு துளி போதும் அந்தப் பள்ளிக்கு. ட்வைலைட் மீது வைக்கும் குற்றச்சாட்டுகளில் எனக்கு நிஜமாகவே உறைப்பது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் கற்பனைப் பெண்ணுக்குக் கற்பனை ஆண் செய்த தப்பு.

நான்காம் பாகம் 'பிரேக்கிங் டான்' பைத்தியக்காரத்தனம். கர்ப்பிணிப் பெல்லா டம்ளரில் ஸ்ட்ரா போட்டு ரத்தம் குடிக்கிறாள். பிரசவம் பார்ப்பது எட்வர்டின் பல். குழந்தைக்குப் பெயர் ரெனெஸ்மி, இரண்டு பாட்டிகளின் பெயரையும் ஒட்டவைத்தது. படத்தில் அந்தக் குழந்தைக்குக் கணினியில் வரைந்த முகம். தொட்டிலில் ஒரு பெரிய மனுஷி உட்கார்ந்து நம்மையே முறைப்பதுபோல இருக்கும். கடைசிப் படத்தின் உச்சக்கட்டச் சண்டை புத்தகத்தில் கிடையாது. அக்கா மகளோடு தியேட்டரில் பார்த்தபோது, கார்லைலின் தலை போனதும் அரங்கமே 'ஐயோ' என்று அலறியது. புத்தகத்தை வரிவரியாகப் படித்த பெண்கள் எழுந்தே நின்றுவிட்டார்கள். அதெல்லாம் எதிர்காலத்தைப் பார்க்கத் தெரிந்த ஆலிஸ் காட்டிய காட்சிதான், நிஜத்தில் நடக்கவில்லை என்று தெரிந்ததும் எழுந்தது பாருங்கள் ஒரு சிரிப்பும் கைதட்டலும்! முன்பின் தெரியாத பெண் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ரசிகையாக இருப்பதன் லாபம் இந்த மாதிரி நேரத்தில்தான் கிடைக்கிறது. நல்ல படம் பார்த்தால் இப்படி யாரும் கையைப் பிடிப்பதில்லை.

அந்த இலக்கிய நண்பருக்கும் ஒருநாள் முதல் பாகத்தைக் கொடுத்தேன். திருப்பித் தரும்போது "ரொம்ப மோசம்" என்றார். "எங்கே வரைக்கும் படிச்சீங்க?" என்றேன். முழுக்கப் படித்திருந்தார்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் சிபாரிசு: முதல் பாகத்தைப் புத்தகமாகப் படியுங்கள், முதல் படத்தை மழை நாளில் பாருங்கள். 'நியூ மூன்' இரண்டிலும் நன்றாக இருக்கும். மூன்றாம் பாகத்தை விட்டுவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது. நான்காம் பாகத்தைத் தனியாகப் பார்க்காதீர்கள், கூட ஆள் வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் படித்தால் பிடுங்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் படித்துவிட்டு எஞ்சின் விஷயத்தைப் பேசுங்கள்.

பின்குறிப்பு: என்னிடம் 'பிரேக்கிங் டான்' இரவல் வாங்கிப்போய் வருஷக்கணக்காகத் திருப்பித் தராத தோழி இந்த வலைப்பதிவைப் படிக்கிறாள் என்று தெரியும். ரெனெஸ்மி வளர்ந்தே விட்டாள். புத்தகத்தைக் கொரியரிலாவது அனுப்பு.